எல்லாக் குடமும் என் தலையில்

“கழுத்துக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதும்மா.”

போன மாதம் டாக்டர் இதைச் சொன்னபோது என் கையில் ஒரு கட்டுப் பத்திரிகை இருந்தது. எங்கள் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகையை அவருக்கே வைப்போம் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

இடம் திருக்கடையூர். அங்கே அறுபதாம் கல்யாணம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஹோமத்தில் வைத்துப் பூஜித்த கலசத் தண்ணீரைத் தம்பதியின் தலையில் குடம் குடமாக ஊற்றுவார்கள். பிள்ளைகள், சம்பந்தி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை... எல்லாரும் வரிசையில் நின்று ஊற்றுவார்கள். நனைந்த துணியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தாலி.

தண்ணீர் ஊற்றாத அறுபதாம் கல்யாணமா?

டாக்டர் பத்திரிகையை வாங்கிப் படித்தார். “சந்தோஷம், நல்லபடியா பண்ணுங்க” என்றார். உடனே மறுபடியும், “ஆனா கழுத்துக்கு மேல ஒரு சொட்டு கூட...” என்று ஆரம்பித்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் கணவர் எழுந்துவிட்டார். “அதான் சொல்லிட்டாருல்ல? பத்திரிகையைப் பைக்குள்ள போடு சாந்தி. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

நான் தொடர்ந்து எழுதிவரும் இந்தப் பத்தியில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். மாணவர்களைப் பற்றி, தஞ்சாவூர் டிராஃபிக்கைப் பற்றி, என் சமையலைப் பற்றிக்கூட. இந்த ஒரு வருடக் கதையை மட்டும் எழுதவில்லை. அவர் எழுத விடவில்லை. “என் கிட்னி என்ன ஊர்ப் பொதுச் சொத்தா?” என்று கேட்டுவிட்டார். இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது.

என் கணவர் ராஜேந்திரன் விவசாயி. அம்மாபேட்டைப் பக்கம் எங்களுக்கு நிலம். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே அவர் வயலுக்குக் கிளம்பிவிடுவார். சர்க்கரை உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரையை ஞாபகமாகச் சாப்பிடும் பழக்கம்தான் கொஞ்சம் குறைவு. போன வருடம் கால் வீங்கியது. சேற்றில் நின்ற வீக்கம் என்றார். முகமும் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன என்றார்கள்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கழுத்துப் பக்கமாக ஒரு ட்யூபைச் செலுத்தி, அதன் வழியாக ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள். அந்த ட்யூப் நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போகிறது. அது நுழைகிற இடம் நனைந்தால் கிருமி சேரும். சேர்ந்தால் நேரே ரத்தத்தில். அதனால்தான் தலைக்குக் குளியல் கிடையாது. ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளிப்பதற்கு மட்டுமா தடை? குடிப்பதற்கும்தான். காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து, ஒரு நாள் முழுவதற்கும் சின்ன பாட்டில் அளவுதான். செம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்துப் பழகிய மனிதர்... வாயை நனைத்துக்கொண்டு பாட்டிலைக் கீழே வைத்தார். மேட்டூர் அணை திறந்த செய்தி டி.வி.யில் ஓடியபோது, “எல்லாருக்கும் தொறந்துட்டாங்க” என்றார். அவ்வளவுதான். நிலத்தைத் தம்பி முறையுள்ள ஒருவர் பார்த்துக்கொள்கிறார். இவர் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டில் நோய் வந்தது தெரிந்ததும் முதலில் வருவது எது தெரியுமா? வாட்ஸ்அப்.

என் பெரியம்மா மகள் தினமும் காலையில் ஒரு படம் அனுப்புவாள். ரோஜாப்பூ, பக்கத்தில் விளக்கு, நடுவில், ‘இறைவன் தருவதெல்லாம் நன்மைக்கே’. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் போன் செய்து, “சிறுநீரகம் போனதுல என்ன நன்மைன்னு கொஞ்சம் சொல்லேன்... எழுதிக்கறேன்” என்றேன். அவள் பாவம், நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருக்கிறாள். மறுநாளிலிருந்து ரோஜாப்பூ மட்டும் வந்தது. வாசகம் இல்லை.

கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. பேச ஒன்றும் இல்லை... அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் நூர்ஜஹான் அக்கா.

டயாலிசிஸ் நடக்கும்போது கூட வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் கணவருக்குப் பக்கத்துப் படுக்கையில் அக்காவின் கணவர். கூத்தாநல்லூர்க்காரர்கள். எங்களுக்கு வெகு நாள் முன்பே அந்த ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தவர்கள். இரண்டு பஸ் மாறி வருவார்கள். அக்காவிடம் ஒரு பெரிய ஃபிளாஸ்க் இருக்கும், இஞ்சி டீயோடு.

முதல் நாள் டீயை ஊற்றிக் கொடுத்தார். நான் கையை நீட்டினேன். கப்பைத் தரவில்லை.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க டீச்சர்.”

“என்ன சொல்லணும்?”

“இன்னிக்கு என்ன கிடைச்சுச்சு உங்களுக்கு? ஆண்டவன் கொடுத்தது. சின்னதா இருந்தாப் போதும். எனக்கு ரெண்டாவது பஸ்ல ஜன்னல் சீட்டு. இவங்க என் தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரோஜாப்பூவிடமிருந்து தப்பி ஃபிளாஸ்க்கிடம் மாட்டிக்கொண்டேனா? ஆனால் இஞ்சி வாசனை ஆளை இழுத்தது. “இன்னிக்கு இட்லி மெத்துனு வந்துச்சு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“மாஷா அல்லா! இட்லி மெத்துனு வர்றது லேசா?” என்று கப்பைக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு ஒன்று. விதி ஒன்றே ஒன்று — போன தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. முதலில் நான் ஏமாற்றினேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்து எதையாவது பிடித்துக்கொள்வேன். நாற்று பச்சையாக இருக்கிறது, கொக்கு உட்கார்ந்திருக்கிறது... அக்கா சிரிப்பார். “அது எல்லாருக்கும் கிடைச்சது டீச்சர். உங்களுக்குன்னு வந்தது?”

அதற்குப் பிறகு, டீக்காகவே, காலையிலிருந்து தேட ஆரம்பித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நான் கேட்காமலே என் கடைசி பீரியடை மாற்றிக் கொடுத்தது. ஊசி போட நரம்பு முதல் தடவையே கிடைத்தது. அவர் ராத்திரி முழுக்கக் கால் கடுக்காமல் தூங்கியது. தேடினால் கிடைக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், முன்பும் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாங்கி வைக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இதற்கிடையில் டாக்டர் அவருக்குக் கையில் ஒரு ஆபரேஷன் செய்தார். இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். கொஞ்ச மாதத்தில் அந்தக் குழாய் பெருத்துவிடும். அப்புறம் அதிலேயே ஊசி போட்டு டயாலிசிஸ் செய்யலாம். கழுத்து ட்யூபை எடுத்துவிடலாம். தலைக்குக் குளிக்கலாம்! இணைத்த இடத்தில் ரத்தம் ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தொட்டால் விர்ர்ர் என்று அதிரும், சைலண்ட் மோடில் இருக்கும் செல்போன் மாதிரி. மருத்துவத்தில் இதற்குப் பெயரே ‘த்ரில்’தானாம்.

எனக்கும் அது த்ரில்தான். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அவர் மணிக்கட்டைத் தொடுவது. விர்ர்ர். அப்பாடா. அதன் பிறகுதான் அடுப்பு. அந்தத் தைரியத்தில்தான் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் யாழினி லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

ஒரு காலை தொட்டேன். ஒன்றும் இல்லை.

இடம் தவறித் தொட்டுவிட்டேனோ என்று நகர்த்தி நகர்த்தித் தொட்டேன். காதை வைத்துப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். தெரிந்துவிட்டது அவருக்கு.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். சரி செய்யப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்தக் குழாய் போனது போனதுதான். முழங்கைப் பக்கம் புதிதாக இன்னொன்று செய்ய வேண்டும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று எங்களுக்கு டயாலிசிஸ் நாள்தான். அக்கா ஃபிளாஸ்க்கோடு இருந்தார். கப்பில் டீயை ஊற்றினார். வழக்கம் போல என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “சும்மா சும்மா கேக்காதீங்க. உங்க அல்லாவும் எங்க சாமியும் சேர்ந்து லீவு போட்டுட்டாங்க. டீயும் வேணாம்.”

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. உபதேசமும் செய்யவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“சரி. எனக்கு இன்னிக்கு ரெண்டு இருக்கு டீச்சர். ஒண்ணை நீங்க எடுத்துக்குங்க.”

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“பேத்தி நடக்க ஆரம்பிச்சிட்டா. காலையில செவுத்தைப் பிடிக்காம என்கிட்ட வந்தா. அது எனக்கு. இன்னொண்ணு — வர்ற வழியில மழை. நாங்க பஸ்ஸை விட்டு எறங்குறப்ப நின்னுடுச்சு. அதை நீங்க வச்சுக்குங்க.”

கப்பை என் கையில் திணித்தார். யாருக்கோ நின்ற மழையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனால் அந்த டீயைக் குடித்தேன். நன்றாக அழுதுவிட்டுக் குடித்தேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். நோயைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் நோய் இருக்கிற இந்த வீட்டுக்கும் அவர் தினம் ஒரு தடவை வந்து எதையோ வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பார்க்காமல் விடுவதில்லை. கசந்தாலும் விடுவதில்லை. சந்தோஷமாக இருக்கும்போது கும்பிட யாரால்தான் முடியாது?

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. புதிய குழாயில் த்ரில் வந்தது. ஆனால் ஊசி தாங்கும் அளவுக்குப் பெருக்கவில்லை. கல்யாண நாளுக்குள் பெருக்காது என்பதைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பத்திரிகை நாளில் டாக்டர் உறுதி செய்தார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

“யாழினிக்குப் போன் போடு. டிக்கெட்டை கேன்சல் பண்ணட்டும்.”

“மாட்டேன்.”

“தலையில தண்ணி ஊத்தாம என்னடி அறுபதாம் கல்யாணம்? கழுத்துல ட்யூபைத் தொங்க விட்டுக்கிட்டு, ஊரு சனத்துக்கு முன்னாடி... பாவம்னு பாப்பாங்க. எனக்கு அது வேணாம்.”

“பாக்கட்டும். தலையில ஊத்தலைன்னாக் கால்ல ஊத்தட்டும். கால்லயும் கூடாதுன்னா எதிர்ல வச்சுக் கும்பிட்டுட்டு வருவோம். அறுபது வயசு உங்களுக்கு வந்திருக்குல்ல? போன வருஷம் இதே கட்டில்ல உங்க முகம் வீங்கிக் கெடந்தப்ப, இந்த வயசு வரும்னு எனக்குத் தெரியாதுங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பத்திரிகைக் கட்டைப் பிரித்து விலாசம் எழுத உட்கார்ந்தேன். ஆசிரியை கையெழுத்து, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை!

போன வாரம் திருக்கடையூர் போனோம். டயாலிசிஸ் முடிந்த மறுநாளாகப் பார்த்துத்தான் முன்பே நாள் குறித்திருந்தேன். அன்றைக்குத்தான் அவருக்குத் தெம்பு இருக்கும். ட்யூப் மேல் கட்டு, கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் துண்டு. கூட்டமான கூட்டம். எங்களைப் போலவே மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகள். எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டு. இவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

எங்களுக்கு ஹோமம் செய்துவைத்த குருக்களிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ‘சம்பிரதாயம் கெட்டுடும்மா’ என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் துண்டை விலக்கிக் கட்டைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“டயாலிசிஸா? இங்க நிறைய பேர் வர்றாம்மா. நம்ம சாமி எமனையே காலால உதைச்சவர். ஒரு குடம் ஜலத்துக்கா கோச்சுக்கப் போறார்? சாருக்கு உள்ளங்கையில விட்டுடலாம். பாதத்துல கொஞ்சம். போதும்.”

“அப்ப மீதித் தண்ணிங்க?”

“பூஜை பண்ணின கலசமாச்சே, அதை வீணாக்கலாமா? தம்பதின்னா ரெண்டு பேரும் ஒண்ணுதானே? அவரோட பங்கையும் உங்களுக்கே விட்டுடலாம். சம்மதமா?”

“தாராளமா” என்றேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

அவரை நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெறிக்கும் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று யாழினி குடையை விரித்து அப்பா முன்னால் கேடயம் போலப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் மணையில். முதல் குடத்தைக் குருக்கள் மந்திரத்தோடு விட்டார். சில்லென்று இறங்கியது. அதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

அடுத்து வந்தது என் நாத்தனார் பானு. ஒரு குடத்தை என் தலையில் கவிழ்த்தாள். நகரவில்லை. இன்னொரு குடத்தை எடுத்தாள்.

“இது அண்ணன் பங்கு, அண்ணி!”

கவிழ்த்தாள். எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் என் அண்ணன், மன்னிப்புக் கேட்பது போல ஒரு சிரிப்போடு. எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு! அபிஷேகம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. கொண்டை அவிழ்ந்து, மஞ்சள் தண்ணீர் கண்ணில் இறங்கி, பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. “போதும் பானு, போதும்டி” என்று கத்தினேன். பக்கத்து ஜோடிகள் தங்கள் குடத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். குடைக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னமோ ஏதோ என்று எழுந்திருக்கப் போனேன். குடை விலகியது. சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தொடையில் தட்டி. “ட்யூபைப் பிடிச்சுக்கங்கப்பா” என்று யாழினி பதறினாள். அவர் ஒரு கையால் கழுத்துக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நல்லா ஊத்துங்க எல்லாரும்! முப்பது வருஷச் சூடு... இன்னிக்காவது தணியட்டும்” என்றார்.

அந்தச் சிரிப்பை ஒரு வருடமாக நான் கேட்கவில்லை. அதை இனிக் கேட்க மாட்டேன் என்று உள்ளுக்குள் எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தேன் என்பதே அது காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது. அந்த மனிதர் தலையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. முழுத் தண்ணீரும் என் தலையில். ஆனால் தணிந்தது அவர்.

துணி மாற்றிக்கொண்டு வந்தேன். தாலி கட்டினார். ஆபரேஷன் செய்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. முடிச்சுப் போட நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. என் காதருகே, “பாவம்னு யாரும் பாக்கலை, கவனிச்சியா?” என்றார். பிறகு, “உன்னைத்தான் பாத்தாங்க” என்றார்.

அடுத்த டயாலிசிஸ் அன்று நூர்ஜஹான் அக்கா ஃபிளாஸ்க்கைத் திறக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். சிரிப்பு, பானு, குருக்கள், குடை, யாழினி... அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான் டீச்சர். சேத்து வைக்கப்படாது. நாளைக்குப் புதுசா வரும்.”

வருமா? கழுத்தில் ட்யூப் இன்னும் இருக்கிறது. புதிய குழாய் எப்போது தயாராகும், ஆனாலும் எத்தனை நாள் ஓடும்... யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வந்தால் நான் வீட்டில் இருப்பேன், வாசலைப் பார்த்துக்கொண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேருக்கான தண்ணீரை ஒரே தலையில் வாங்கினால் என்ன ஆகும்? ஜலதோஷம் ஆகும். ஜுரம், தொண்டை வலி, ஓயாத தும்மல். பள்ளிக்கூடத்துக்கு லீவு. இந்தப் பத்தியைக்கூடப் போர்வைக்குள் இருந்துதான் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து யாழினி போன் செய்தாள். எடுத்தது அவர். இத்தனை மாதமாகப் போன் அடித்தால் நான்தான் எடுப்பேன். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள், நான் தைரியம் சொல்வேன். நேற்று அவர் ஒரு கையில் போன், ஒரு கையில் மிளகு கஷாயம் என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெகு கம்பீரமாகச் சொல்கிறார்:

“அம்மாவுக்குத்தான் முடியல. நீ கவலைப்படாதடா. நான் பாத்துக்கறேன்.”

அடுத்த தும்மலைக் கொஞ்சம் சத்தமாகவே தும்மினேன்.